ஷீட்டு நிறத்தில் பதினைந்து சட்டைகள்

பந்து விளையாடுகிறவர்களுக்குச் சட்டை தைக்கிறவளுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பதினைந்து பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் சேர்த்துச் சமாளிக்கத் தெரிய வேண்டும். தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பரா அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஊரார் உடம்பையெல்லாம் அளந்து பிழைக்கிற என் தங்கச்சிமாருக்கு நான் சொல்வது புரியும். தீபாவளிக்கு முதல் நாள் துணியைக் கொண்டுவந்து நீட்டி, "கொஞ்ச நேர வேலைதானே அக்கா" என்கிற ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் உங்களைப் போலத்தான். காலையில் விளக்கேற்றி அம்மனைக் கும்பிட்டு, மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் மிதிக்க உட்காருவேன். அப்படிக் கும்பிட்டும் நூல் அறுந்துபோகிற நாள் அறுந்துதான் போகும்.

நாங்கள் இருப்பது நிவித்திகலை டவுனுக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டம். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று ரெண்டு பிரிவு. நாங்கள் மேல்கணக்கு. பிள்ளைகள் மூன்று பேரும் தலையெடுத்துவிட்டார்கள். மூத்தவன் யோகன் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறான், மேல்கணக்குப் பந்துக் கழகத்துக்கு அவன்தான் கெப்டன். அந்தக் கழகம் பேரோடு இருக்குமா, இல்லாமல் போகுமா என்று இந்த வருஷம் ஒரு நிலைமை வந்தது. அதைத்தான் துண்டு துண்டாகச் சொல்லப் போகிறேன்.

காக்கா தைத்த முதல் ஜேர்சி

நான் முதன்முதலில் ஊசி போட்ட ஜேர்சி எங்கள் ஊருடையது இல்லை. குவைத்தில் ஒரு வீட்டில் நாலு வருஷம் வேலை செய்தேன். என்னோடு ஒரே அறையில் இருந்தவள் யூனி. இந்தோனேசியாக்காரி, கடலோரத்தில் ஒரு சின்னத் துறைமுக ஊர். ஒரு மூலையில் நான் அம்மன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நிற்பேன், மற்ற மூலையில் அவள் தொழுவாள். எங்களுக்குள் பேச்செல்லாம் குசினியில் சமைத்துக்கொண்டே கற்ற அரபுதான். அவர்கள் பாஷையில் அக்காவைக் 'காக்கா' என்பார்களாம். நாலு வருஷமும் நான் காக்காவாகவே இருந்தேன்.

அவள் பெட்டிக்கு அடியில் ஒரு மஞ்சள் ஜேர்சி மடித்து வைத்திருந்தாள். கக்கத்தில் கிழிசல். நான் தைக்கத் தைக்க அவள் கதை சொன்னாள். அவள் ஊர்ப் படகுக்காரர்கள் ஆரம்பித்த கழகமாம் அது. துணி வாங்க வழியில்லாமல் பழைய படகுப் பாயை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு முதல் ஆட்டம் ஆடினார்களாம். அந்தப் பாயின் மஞ்சள்தான் கழகத்தின் நிறம். பிறகொரு காலத்தில் பெரிய பணக்காரர் ஒருவர் கழகத்தை வாங்கி நிறத்தை நீலமாக்கிவிட்டார். ஊர் சண்டைக்குப் போகவில்லை. ஆட்டத்தன்று ஒருத்தரும் மைதானத்துக்குப் போகாமல், வீட்டில் மஞ்சளாக இருந்த துணியையெல்லாம் கொடியில் காயப்போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தலையணை உறை, பிள்ளைத்துணி, கல்யாண உடுப்பு, எல்லாம். மூன்று ஆட்டம் வெறும் மைதானத்தில் நடந்தது. நாலாவது ஆட்டத்துக்கு மஞ்சள் திரும்பி வந்துவிட்டதாம்.

"ஒரு பந்துச் சட்டைக்கா இவ்வளவு?" என்று நான் சிரித்தேன். யூனி சிரிக்கவில்லை. தைத்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு சண்டை காக்கா. எல்லாரும் ஒரே பக்கம் நிக்கிறது இந்தச் சட்டைக்குள்ள மட்டும்தான்."

வளர்ற பிள்ளை

ஊருக்குத் திரும்பி வந்து மெஷின் போட்ட நாளிலிருந்து எங்கள் கழகத்துக்கு நான்தான் சட்டை தைக்கிறேன். இந்த வருஷம் லீக்கில் புதுச் சட்டம் வந்தது. ஒரு தோட்டத்துக்கு ஒரு கழகம்தானாம். தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் யோகனைக் கூப்பிட்டு, "கீழ்க்கணக்குக்குப் பதிவு இருக்கு, கிரவுண்டு இருக்கு. உங்க பொடியன்களும் அங்க போய்ச் சேர்ந்துக்கிறதுதானே?" என்றிருக்கிறார். யோகன் விடவில்லை. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவானது. மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை, லீக்கை நடத்துகிற ஐயா நேரில் வருவார். அன்றைக்கு எங்கள் கழகம் பதிவுப் படிவத்தோடும் ஒரே மாதிரிப் பதினைந்து சட்டையோடும் வந்து நின்றால் ரெண்டு கணக்கும் மோதலாம். ஜெயிக்கிற கழகத்தின் பேர்தான் லீக்குக்குப் போகும். சட்டை இல்லையென்றால் ஆட்டமும் இல்லை, மேல்கணக்கு என்ற பேரும் இல்லை.

யோகனுக்கு முப்பத்து மூன்று வயது. முழங்கால் தேய்ந்துவிட்டது, இதுதான் கடைசி வருஷம். வீட்டுக்கு வந்து சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, "அடுத்தவங்க சட்டையைப் போட்டுக்கிட்டு என் கடைசி ஆட்டத்தை ஆட மாட்டேம்மா" என்றான். பெற்ற வயிறு என்ன செய்யும்? டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

அளவெடுக்கப் பிள்ளைகளை வரச் சொன்னால் தாய்மார்தான் வந்தார்கள். கோல் காக்கிற கோலி சேகருடைய அம்மா காளியம்மா வந்து நின்றாள். போன வருஷம் அளவு எழுதிய துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பத்தாதுக்கா, ரெண்டு இஞ்சு கூட்டித் தைங்க" என்றாள். சேகருக்கு இருபத்தொன்பது வயது. ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். "ஏன் காளி, இப்ப உள்ள அளவு சரியாத்தானே இருக்கு?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? வளர்ற பிள்ளை!"

நிறமில்லாத கழகம்

படிவத்தை நிரப்ப எல்லாரும் எங்கள் காம்பராவில்தான் கூடினார்கள். நான் அஞ்சாம் வகுப்பு மட்டும் படித்தவள், தேத்தண்ணி ஊற்றுகிற வேலை எனக்கு. யோகன் வாசித்தான். கழகத்தின் பேர், எழுதியாயிற்று. ஆரம்பித்தது யார்? பால் வெட்டுகிற ஆட்கள், எழுதியாயிற்று. அடுத்து, கழகத்தின் நிறம்? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு ஒரேயடியாகச் சத்தம். ஒருத்தன் சிவப்பு என்றான், ஒருத்தன் பச்சை என்றான், சேகர் மேசையைத் தட்டி நீலம் என்றான். உண்மை எனக்குத்தானே தெரியும்? சிவப்பு, திருவிழாப் பந்தலில் மிஞ்சிய துணி. அடுத்த வருஷம் பச்சைத் துணி பாதியில் தீர்ந்துபோக, கைக்கு மட்டும் நீலம் வைத்தேன். எது மிஞ்சியதோ அதுதான் எங்கள் நிறம்.

அன்றைக்குத்தான் யூனியின் மஞ்சள் கதையை அவர்களுக்குச் சொன்னேன். "அப்போ நாம எடுக்கிறதை மாத்தவே கூடாது" என்றான் யோகன். எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று பார்க்க மறுநாள் நானும் அவனும் டவுனுக்குப் போனோம். துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம் பதினைந்து சட்டைக்குப் போதுமான அளவில் ஒரே நிறமாக இருந்தது வெள்ளை ரோல் ஒன்றுதான். யோகன் முகம் விழுந்துவிட்டது. படிவத்தில் பேனாவால் எழுத மனம் வராமல் பென்சிலால் 'வெள்ளை' என்று எழுதினான். நானா துணியை அளந்தபடியே அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளைன்னா எல்லாரும் போடுறதுதான் தம்பி. அது உங்களோடதுன்னு ஊருக்குத் தெரிய வேண்டியது கிரவுண்டுலதான், என்ட கடையில இல்ல."

எட்டு யாருக்கு?

சட்டை வெட்டித் தைப்பது ஒரு பாடு என்றால், முதுகில் நம்பர் வைப்பது ஒன்பது பாடு. பத்தாம் நம்பருக்கு ஆறு பேர் நின்றார்கள். எட்டாம் நம்பருக்கு ஒருத்தரும் இல்லை. எட்டு சனீஸ்வரன் நம்பர், முதுகில் ஏற்றிக்கொண்டு யார் ஓடுவது? கறுப்புத் துணியில் எட்டை வெட்டி வைத்துவிட்டு நாலு நாள் காத்திருந்தேன். ஒவ்வொரு தாயும் வந்து, "எட்டை மட்டும் நம்ம பிள்ளைக்கு வெச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் மனசுக்குள் பயம்தான். நான் தைத்த நம்பரால் யார் காலாவது உடைந்தால்?

எங்கள் கழகத்தில் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பொடியன் நிமலும் ஆடுகிறான். தமிழ் எங்களைவிட வேகமாகப் பேசுவான். அவன் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தபோது மேசையில் தனியாகக் கிடந்த எட்டைப் பார்த்து விஷயத்தைக் கேட்டான். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "கமக் நே அக்கே, பரவாயில்ல, எட்டை எனக்கே வைங்க. எங்க வீட்டுல மாமியாரே இருக்காங்க, இனிச் சனி வந்து என்ன செய்யப் போகுது?"

மூன்று நாள் புகை

இப்போதுதான் என் தலையில் இடி விழுந்த கதை. சட்டையெல்லாம் முடிந்து, வெட்டப் போட்ட சோக்குக் கோடும் மெஷின் எண்ணெய்க் கறையும் போகட்டுமென்று பதினைந்தையும் துவைத்தேன். துவைத்த நேரம் பிடித்தது மழை. எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே? அடுப்புக்கு மேலே கட்டினாலும் துணி காயாமல் நாறும். ஆட்டத்துக்கு ஆறு நாள் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் புகைக்கூட்டில் வேலை. பாலை உறைய வைத்து உருட்டிய இறப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு, கீழே விறகுப் புகை மூட்டி, தேன் மாதிரி நிறம் வந்ததும் இறக்குவார். ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குமிழி இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பார். அந்தச் சூட்டில் ஒரு பகலில் காய்ந்துவிடுமே என்று சட்டைகளை அவர் கையில் கொடுத்து, "பொழுது சாய எடுத்துட்டு வந்துருங்க" என்று ஒன்றுக்கு மூன்று தரம் சொன்னேன். பொழுது சாய வெறுங்கையோடு வந்தார். கேட்டால், "புகை ஏத்தின பிறகு நடுவுல கதவைத் திறந்தா ஷீட்டு பழுதாயிரும்" என்கிறார். நான் அழுதேன், யோகன் கத்தினான். மனுஷன் அசையவில்லை. மூன்று நாள் கதவு திறக்கவில்லை. நான் விளக்குக்கு முன்னாலேயே கிடந்தேன்.

வியாழக்கிழமை காலை வந்தார். பதினைந்தையும் ஷீட்டு அடுக்குகிற மாதிரியே கைகளை உள்ளே மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தோளில் சுமந்துகொண்டு. வெள்ளைச் சட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழுப்புத் தேன் நிறம். வீடு முழுக்கப் புகை மணம். ஒன்றை எடுத்துச் சவுக்காரம் போட்டுக் கசக்கினேன், தேசிக்காய்ச் சாறு பிழிந்து தேய்த்தேன், நிறம் போகவேயில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவரோ ஒரு சட்டையை விரித்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மேலும் கீழும் பார்த்துவிட்டு ரொம்பத் திருப்தியாகச் சொன்னார்: "ஏன் அழுவுற? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமத்தான் தொங்கவிட்டேன். ஒரு குமிழி கிடையாது, ஒண்ணாந் தரம்!"

கண்ணை மூடினாலும் தெரியும்

வேறு துணி எடுக்க நேரமில்லை. யோகன் அன்றைக்கு முழுக்கத் தகப்பனோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை ராவு, படிவத்தில் பென்சிலால் எழுதிய 'வெள்ளை'யை அழித்துவிட்டு, அந்த நிறத்துக்கு என்ன பேர் வைப்பதென்று தெரியாமல், பேனாவால் 'ஷீட்டு நிறம்' என்று எழுதினான். நாங்கள் சனிக்கிழமை கிரவுண்டுக்குப் போனது பலிக்குப் போகிற ஆடுகள் மாதிரித்தான். தூறல் போட்டுக்கொண்டிருந்ததால் பிள்ளைகள் சட்டைக்கு மேலே பழைய கோட்டு, ஸ்வெட்டர் என்று கிடைத்ததை மாட்டியிருந்தார்கள். வெட்கம் வேறு.

கீழ்க்கணக்குப் பிள்ளைகள் கோயிலடியிலிருந்து வரிசையாக வந்தார்கள். அத்தனை பேரும் பளிச்சென்று புது வெள்ளைச் சட்டை. அந்தக் கிழமைதான் டவுனில் ஒரு கடை முதலாளி அன்பளிப்பாகக் கொடுத்தாராம். லீக் ஐயா சட்டப் புத்தகத்தைத் திறந்து வாசித்தார். ரெண்டு பக்கமும் ஒரே நிறமாக இருந்தால் பிந்திப் பதிகிற கழகம் மாற்ற வேண்டும், மாற்ற வேறு சட்டை இல்லையென்றால் ஆட முடியாது. பெரிய கிளாக்கர் எங்கள் பக்கம் பார்த்தார். நாங்கள் வெள்ளை தைத்தது தோட்டம் முழுக்கத் தெரியுமே!

யோகன் கோட்டைக் கழற்றினான். பின்னாலேயே மற்றவர்களும் கழற்றினார்கள். தூறலுக்கு நடுவில் வெயில் ஒரு கீற்று விழுந்து, பதினைந்து பேரும் தேனில் முக்கி எடுத்த மாதிரி நின்றார்கள். லீக் ஐயா படிவத்தைப் பார்த்து, "இது என்ன நிறம்?" என்று கேட்டார். நிமல் சிங்களத்தில் விளக்கினான். ஐயா சிரித்துக்கொண்டே கிட்டே வந்து, யோகனுடைய தோளில் துணியைத் தொட்டார், குனிந்து மோந்தும் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பித் தமிழில் சொன்னார்: "எத்தனையோ டீம் பார்த்தேன் அக்கே. கண்ண மூடினாலும் எந்த டீம்னு தெரியிறது இன்னிக்குத்தான்."

நான் பார்க்காத கோல்

தைக்கிறவர்கள் ஆட்டம் பார்க்கப் போகக் கூடாது. எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள், நாம் தையலைப் பார்ப்போம். முதல் பாதி முழுக்க எந்தக் கக்கம் இழுபடுகிறது, எந்தக் காலர் திரும்பி நிற்கிறது என்றே என் கண் போனது. கீழ்க்கணக்கு ஒரு கோல் போட்டது. எங்கள் பக்கம் இடைவேளைக்குக் கிட்ட ஒன்று திருப்பினார்கள். பிறகு மழை கனத்து, சேற்றில் விழுந்து எழும்பி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் யார் யாரென்றே தெரியாமல் போனார்கள். எங்கள் சட்டையில் சேறு தெரியவேயில்லை. தூரத்திலிருந்து பார்த்தே ஒருத்தருக்கொருத்தர் பந்தைத் தள்ளினார்கள்.

கடைசி நிமிஷங்களில் யோகனுடைய தோள் தையல் பிரிவதைப் பார்த்துவிட்டேன். நூல் தொங்குகிறது. "அம்மா தாயே, இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோ" என்று அந்த நூலுக்காகத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவன் நொண்டி நொண்டி எங்கேயோ ஓடினான், எல்லாரும் எழும்பினார்கள், என் காது அடைத்தது. யாரோ என்னைக் கட்டிப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் "பிரிஞ்சிருச்சு, பிரிஞ்சிருச்சு" என்று அழுகிறேன். காளியம்மா என் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கத்தினாள்: "எதைக்கா பாத்துக்கிட்டு இருந்தீங்க? உங்க மகன் கோல் போட்டு நாம ஜெயிச்சாச்சு!"

எங்களையும் அளங்க

லீக் ஐயா புத்தகம் மழையில் நனையாமல் அதன்மேல் குனிந்துகொண்டு 'மேல்கணக்கு' என்று எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். பறை அடித்துக்கொண்டே லயத்துக்கு வந்தோம். யோகன் நேரே புகைக்கூட்டுக்குப் போய், ஆட்டம் பார்க்க வராமல் விறகு தள்ளிக்கொண்டிருந்த தகப்பனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். அந்த முழங்காலோடு! மனுஷன் மேலே இருந்துகொண்டு, "இறக்குடா, நெருப்பு அணைஞ்சிரும்" என்கிறார்.

மறு கிழமை கீழ்க்கணக்குக் கெப்டன் பிரபா நாலு பொடியன்களோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். லீக்குக்கு ஆட்கள் போதாது, அவர்களும் சேர வேண்டும் என்று யோகன்தான் சொல்லியனுப்பியிருந்தான். வந்தவர்கள் உள்ளே வரவில்லை, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குச் சோற்றைத் தள்ளி வைத்த என் பிள்ளையின் முகத்தைத்தான் அவர்களிடம் பார்த்தேன். அடுத்தவர் சட்டை! யோகனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வெட்டிவைத்த வெள்ளைத் துணியில் மிஞ்சியதை எடுத்துப் பிரபாவின் கையில் கொடுத்து, "நீங்க வெட்டுற பாலும் நாங்க வெட்டுற பாலும் ஒரே புகைக்கூட்டுக்குத்தானேடா போகுது?" என்றான். பிரபா துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கையை அகலமாக விரித்துக்கொண்டு என் முன்னால் நின்றான். "அளந்து தைச்சுக் குடுங்கக்கா. ஆனா புகைக்கூட்டுக்கு நாங்களே கொண்டு போறோம். எங்க கையால நிறம் ஏத்தினாத்தான் அது எங்க சட்டை."

மூன்று நாள் விளக்குக்கு முன்னால் நான் அழுது கேட்டதை அம்மன், கதவு திறக்காத ஒரு மனுஷனின் பிடிவாதத்தின் வழியாகத்தான் தந்தாள் என்று முழுசாக நம்புகிறேன் தங்கச்சிமாரே, ஆனால் அதை அந்த மனுஷனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் நாளைக்கு என் சேலையையும் ஒண்ணாந் தரம் ஆக்கிக்கொண்டு வந்து நிற்பார்.